அருகிலிருந்து திருத்துபவர் யார்? – ஆய்வு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முதுகலை முடித்து ஆய்வுப் பட்டத்துக்குச் சேர்ந்திருப்பவர்களிடமிருந்து வந்தவை. உளவியல், சமூகப்பணி, செவிலியம், ஊட்டச்சத்து என்று துறைகள் வேறாக இருந்தாலும், மக்களின் உடல்நலப் பழக்கங்களை மாற்றும் முறைகளை வகுத்து, அவை உண்மையில் பலன் தருகின்றனவா என்று சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் இவர்கள். கேள்விகளைச் சுருக்கியும், ஒத்தவற்றை இணைத்தும் தந்திருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: அம்மா, சர்க்கரை நோயின் விளிம்பில் இருக்கும் பெண்களுக்கு நடைப்பயிற்சியையும் உணவு மாற்றத்தையும் கற்றுத்தரும் பன்னிரண்டு வாரப் பயிற்சி ஒன்றைச் சோதிக்க நினைக்கிறேன். மருந்து எதுவும் தரப்போவதில்லை. இதையும் மருத்துவச் சோதனை ஆய்வாகப் பதிவு செய்ய வேண்டுமா? படிவம் நிரப்பும் சாதாரணக் கள ஆய்வாகவே முடித்துவிடலாம் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். — ஆய்வு மாணவி, திருப்பரங்குன்றம்

பதிவு செய்ய வேண்டும். மனிதர்களை முன்கூட்டியே வகுத்த திட்டப்படி குழுக்களில் சேர்த்து, ஒரு குழுவுக்கு ஒன்றை வழங்கி, அதனால் உடல்நலத்தில் என்ன விளைகிறது என்று பார்க்கும் ஆய்வு எதுவாயினும் அது மருத்துவச் சோதனை ஆய்வே என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வழங்கப்படுவது மாத்திரையா, அறுவை சிகிச்சையா, ஆலோசனையா என்பது அந்த வரையறையை மாற்றுவதில்லை. 2007 ஜூலையில் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு, வாழ்க்கைமுறை மாற்றத்தையும் நடத்தைப் பயிற்சியையும் வெளிப்படையாகவே தன் எல்லைக்குள் சேர்த்திருக்கிறது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே செய்யப்படும் பதிவுகளை மட்டுமே அது ஏற்கிறது என்பதால், தரவைச் சேர்த்த பிறகு பதிவெண் வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. புதிய மருந்து எதுவும் இல்லாததால் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம்.

மருந்து இல்லாத ஆய்வு எளிய ஆய்வு என்று உங்கள் நண்பர்கள் எண்ணினால், சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை அவர்களுக்குக் காட்டுங்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து மூன்றாண்டு கவனித்ததில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்தது; உணவையும் நடையையும் மாற்றும் பயிற்சி பெற்றவர்களிடம் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை பெற்றவர்களிடம் 40.5 சதவீதம். மாத்திரைக்கு நிகராக நின்ற அந்தப் பயிற்சியை, மாத்திரையைச் சோதிக்கும் அதே கண்டிப்புடன் சோதித்ததால்தான் உலகம் அதை ஏற்றுக்கொண்டது.

மாத்திரை அட்டையின் பின்புறம் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். நீங்கள் வழங்கும் பேச்சுக்கு அந்த அச்சை நீங்களே எழுத வேண்டும். யார் பேசினார், அவருக்கு என்ன பயிற்சி தரப்பட்டது, எத்தனை அமர்வுகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், வீட்டிலா ஆரம்ப சுகாதார நிலையத்திலா, ஆளுக்கேற்ப எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பவற்றை விரிவாக எழுதச் சொல்லும் பன்னிரண்டு அம்சப் பட்டியல் ஒன்று 2014இல் டைடியர் என்ற பெயரில் வெளிவந்தது. அதை வைத்துக்கொண்டு உங்கள் பயிற்சியை எழுதிப் பாருங்கள். பாதி இடங்கள் வெறுமையாக நிற்கும். அந்த வெறுமைகளை நெறியாளருடன் உட்கார்ந்து நிரப்புவதே முதல் ஆறு மாதத்து வேலை.

பயிற்சி பெறாமல் வழக்கமான கவனிப்பில் மட்டும் இருக்கும் ஒப்பீட்டுக் குழுவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கிறார்கள். ஆகவே தமிழ்நாட்டுக் கிராமத்தில் வழக்கமான கவனிப்பு என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுக் கடந்துபோக முடியாது. உங்கள் ஊர்களில் அந்த வருகை எவ்வளவு இடைவெளியில் நடக்கிறது, அப்போது என்ன சொல்கிறார்கள் என்று தொடங்குமுன் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்து ஆண்டுகள் குடிநோய் மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக வேலை பார்த்துவிட்டு ஆய்வுக்கு வந்தேன். என் நெறியாளர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு இத்தகைய ஆய்வில் அனுபவம் இல்லை. ஆறு மாத அறிக்கையில் கையெழுத்து வாங்கும்போது மட்டுமே சந்திக்கிறோம். பயிலரங்குகளுக்குப் போய்ச் சான்றிதழ்கள் சேர்த்திருக்கிறேன். வழிகாட்டல் என்பது இவ்வளவுதானா? — ஆய்வு மாணவர், திருமங்கலம்

இவ்வளவுதான் என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இந்த இதழின் கேள்விகளில் இதுவே மையமானது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பயிலரங்கில் சமவாய்ப்பு ஒதுக்கீடு, அதாவது யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்வது, எதற்கு என்று தெரிந்துகொள்ளலாம். ஒதுக்கீட்டுப் பட்டியலைக் களப்பணியாளர் பார்த்துவிட முடியாதபடி உறையை யார் ஒட்டுவது, எங்கே பூட்டி வைப்பது, குடிப்பவரின் மனைவி தன் கணவரைப் பயிற்சிக் குழுவிலேயே சேர்க்கும்படி அழுது கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்பவை ஏற்கெனவே ஓர் ஆய்வை நடத்தி முடித்தவரின் அருகில் இருந்தால் மட்டுமே கைவரும். அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனங்கள் இத்தகைய இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் பயிற்சி நிதிகளில் வழிகாட்டியின் தகுதியும் அவர் ஒதுக்கும் நேரமும் விண்ணப்பத்திலேயே மதிப்பிடப்படுகின்றன. நோயாளிகளோடு ஆய்வு செய்யும் இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்கான கே23 என்ற நிதியைப் பெறுபவர் தம் பணி நேரத்தில் குறைந்தது 75 சதவீதத்தை ஆய்வுக்கும் கற்றலுக்கும் விட வேண்டும் என்பது அதன் விதி. நம்மிடம் அப்படியொரு ஏற்பாடு பரவலாக இல்லை. ஆனாலும் கையில் இருப்பதைக் கொண்டு ஒரு பகுதியையாவது கட்டிக்கொள்ளலாம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகளின்படி உங்களுக்கு ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும்; ஒவ்வொரு பருவத்திலும் அதன் முன் நீங்கள் உங்கள் பணியை விளக்க வேண்டும். பல இடங்களில் இது தேநீரோடு முடியும் சடங்காகிவிட்டது என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். அந்தக் குழுவில் ஒருவரேனும் புள்ளியியல் அறிந்தவராகவும், இன்னொருவர் நீங்கள் எடுத்துக்கொண்ட நோயைத் தினமும் பார்க்கும் மருத்துவராகவும் இருக்கும்படி உங்கள் நெறியாளரிடமே கேளுங்கள்; அதே விதிகள் இணை நெறியாளருக்கும் இடம் தருகின்றன. தமக்கு அனுபவம் இல்லாத இடத்தில் வேறொருவர் துணை நிற்பதை நல்ல மனிதர் எவரும் அவமதிப்பாக நினைக்கமாட்டார். மதுரை மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை, மனநல மறுவாழ்வில் நெடுங்கால அனுபவம் கொண்ட எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, பெரிய சோதனை ஆய்வுகளை நடத்திப் பழகிய அரவிந்த் கண் மருத்துவமனை ஆகியவை உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. கடிதத்தில் "வழிகாட்டுங்கள்" என்று பொதுவாக எழுதாமல், உங்கள் ஆய்வுத் திட்டத்தின் இரண்டு பக்கச் சுருக்கத்தையும் நீங்கள் திணறும் ஒரு கேள்வியையும் வைத்து, மாதம் ஒரு மணி நேரம் கேளுங்கள்.

அந்த நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் சங்கத் என்ற தொண்டு அமைப்பினரும் மருத்துவரல்லாத ஆலோசகர்களைக் கொண்டு மனச்சோர்வுக்கான சிகிச்சை ஒன்றைச் சோதித்தார்கள். 495 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஆறு முதல் எட்டு அமர்வுகளே கொண்ட அந்தச் சிகிச்சையின் தரத்தைக் காத்தது, ஆலோசகர்கள் பேசியதன் ஒலிப்பதிவுகளைக் குழுவாக உட்கார்ந்து கேட்டு, ஒரு மதிப்பீட்டு அளவுகோலின்படி மதிப்பெண் இட்டு, ஒருவரையொருவர் திருத்திக்கொண்ட முறை. நீங்கள் ஆலோசகராக ஐந்து ஆண்டுகள் பழகியவர் என்பதால் உங்களுக்கு இது இன்னும் அவசியம். எதிரில் இருப்பவர் கலங்கும்போது கையேட்டில் இல்லாத ஒன்றை அன்பினால் சேர்த்துவிடுவது அனுபவமுள்ள ஆலோசகரின் இயல்பு. சிகிச்சையில் அது நன்மையாகலாம். ஆய்வில் அது நீங்கள் எதைச் சோதிக்கிறீர்கள் என்பதையே மாற்றிவிடும். பங்கேற்பாளரின் ஒப்புதலோடு பதிவு செய்த ஓர் அமர்வை வழிகாட்டியிடம் கொடுத்து, அவரும் நீங்களும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, எங்கே வேறுபட்டீர்கள் என்று பேசுங்கள். பயிலரங்குகள் பல சேர்ந்தாலும் தராத பயிற்சி அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கும்.

பேசி முடித்ததும் எதை யார் எப்போதுக்குள் செய்வது என்று நான்கு வரியில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் ஆசிரியர் பெயர்களின் வரிசையையும் தொடக்கத்திலேயே பேசி எழுதிவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆயினும் மூன்றாம் ஆண்டில் மனம் கசப்பதை அது தடுக்கும்.

கேள்வி: களத்தில் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டத் தொடங்கினாலே, "நீ சொன்னாச் சரித்தேன் தாயி, எங்க கைநாட்டு வைக்கணும்?" என்று கையை நீட்டிவிடுகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் உடன் வருவதால் யாரும் மறுப்பதும் இல்லை. கையெழுத்து இருக்கிறது, ஆனால் இது ஒப்புதலா என்று உறுத்துகிறது. — ஆய்வு மாணவி, மேலூர் வட்டம்

உங்கள் உறுத்தல் சரியானது. அதை யாரும் சமாதானப்படுத்திவிட அனுமதிக்காதீர்கள்.

முதலில் செவிலியரைப் பற்றி. வீட்டை அடையாளம் காட்டவும் அறிமுகம் செய்யவும் அவர் வரட்டும். ஒப்புதல் பேச்சின்போது அவர் அருகில் இருக்க வேண்டாம். மறுத்தால் நாளைக்குத் தடுப்பூசிக்கோ மாத்திரைக்கோ போகும்போது முகம் கொடுக்கமாட்டாரோ என்ற அச்சம் அந்தப் பெண்ணுக்கு இருக்கும், அதை அவர் வாய்விட்டுச் சொல்லவும்மாட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆய்வுக் குழுவைச் சேராத, படிக்கத் தெரிந்த ஒருவர் முழுப் பேச்சுக்கும் சாட்சியாக இருந்து கையெழுத்திட வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. அந்தச் சாட்சியாகச் செவிலியரையே உட்கார வைப்பது முறையன்று. தெருவில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணைக் கேளுங்கள்.

அடுத்து, சொல்லி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றே சொல்வார்கள். "உங்க வீட்டுக்காரர் வந்து கேட்டால் இது என்னன்னு சொல்வீங்க?" என்று கேளுங்கள். அவர் தம் சொற்களில் சொல்லும்போது மூன்று செய்திகள் வருகின்றனவா என்று பாருங்கள்: எந்தக் குழு என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, நடுவில் விலகலாம், விலகினாலும் அரசு மருத்துவமனையில் கிடைப்பது நிற்காது. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் மீண்டும் விளக்குங்கள். முடிந்தால் அன்றே கைநாட்டு வாங்காமல் மறுநாள் போங்கள்.

இதைக் களத்தில் முதன்முதலாகச் செய்யக் கூடாது. உங்கள் வழிகாட்டி கிராமத்துப் பெண்ணாகவும், அவசரத்தில் இருக்கும் கணவராகவும், "எங்களுக்கு என்ன தருவீங்க?" என்று கேட்பவராகவும் நடிக்க, நீங்கள் பேசிப் பழக வேண்டும், முதல் சில வீடுகளுக்கு அவரே உடன் வந்து ஓரமாக உட்கார்ந்து கவனிக்க வேண்டும். வர இயலாதென்றால் அனுபவமுள்ள மூத்த ஆய்வாளர் ஒருவரை அனுப்பட்டும். பத்துப் பேரிடம் கேட்டதில் இரண்டு பேர் மறுத்தார்கள் என்று நீங்கள் சொல்லும்போது அவர் முகம் சுளித்தால், பயிற்சி தவறான திசையில் போகிறது. மறுப்பவர் இருப்பது உங்கள் விளக்கம் அவர்களை எட்டியதற்கு அடையாளம். அந்த எண்ணிக்கையையும் எழுதி வைத்து ஆய்வறிக்கையில் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தின் இறுதியில், மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 படிவத்தைப் பயன்படுத்துவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போவது மேல் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ஒருவர் ஆம் என்று சொன்னால் அந்த நிமிடத்தில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது எழுத்தில் இல்லாமல் களத்துக்குப் போகாதீர்கள். அவரைத் தனியே விட்டு வராமல் இருப்பது, அன்றே உங்கள் குழுவின் மனநல மருத்துவரிடம் தொலைபேசியில் பேசுவது, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று கேட்டு அப்புறப்படுத்தச் செய்வது, அரசு இராசாசி மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவது, 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை அவருக்கும் வீட்டாருக்கும் தருவது ஆகிய அனைத்தும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவருக்கும் இது முழுமையாகப் பொருந்தும். இதை எந்த நெறியாளராவது தேவையற்ற சுமை என்று சொன்னால், அவரது ஆய்வில் சேராதீர்கள்.

கேள்வி: எனக்குப் புள்ளியியல் வராது. தரவைக் கொடுத்தால் பகுப்பாய்வு செய்து அத்தியாயமாகவே எழுதித்தர ஆட்கள் இருக்கிறார்கள். முடிவு சாதகமாக வரும்படி பார்த்துக்கொள்வதாகவும் சொல்கிறார்கள். எல்லோரும் செய்வதுதானே? — ஆய்வு மாணவர், மதுரை

செய்யாதீர்கள். முடிவு சாதகமாக வரும்படி பார்த்துக்கொள்வது என்றால், ஆய்வுக்காகத் தங்கள் நேரத்தைத் தந்தவர்களைப் பற்றிப் பொய் எழுதுவது என்றே பொருள். புள்ளியியலாளரின் உதவி வேறு, அது வேண்டும். தரவு வந்த பிறகு அவரைத் தேடுவது காலம் கடந்த வேலை.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். உங்கள் ஆய்வுக்கு, தனித்தனி ஆட்களாக ஒதுக்கினால் 400 பேர் போதும் என்று கணக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரே தெருவில் ஒருவர் கற்றதை இன்னொருவர் கேட்டுக்கொள்வார் என்பதால் ஊர் ஊராக ஒதுக்க முடிவு செய்கிறீர்கள். ஊருக்கு 20 பேர். ஒரே ஊரார் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு 0.05 என்று கொண்டால், 19ஐ 0.05ஆல் பெருக்கி 1 கூட்ட 1.95 வருகிறது. 400 பேர் அத்தனை மடங்காக வேண்டும்: தேவைப்படும் ஆட்கள் 780, ஊர்கள் 39. இருபது ஊரில் முடித்துவிடலாம் என்று கிளம்பியவரின் ஆய்வு தொடங்குமுன்பே பலம் இழந்துவிட்டது. பின்னர் எந்த மென்பொருளும் அதை மீட்டுத்தராது. இந்தக் கணக்கை நீங்கள் கையால் போட்டுப் பார்த்து, புள்ளியியலாளரிடம் காட்டி, முதன்மை விளைவு எது, எந்த நாளில் அளப்பது, எந்த முறையில் ஒப்பிடுவது என்பவற்றைத் தரவு வருமுன் எழுதிக் கையொப்பமிட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். பயிற்சி பலன் தரவில்லை என்று முடிவு வந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். முன்கூட்டிப் பதிவு செய்து ஒழுங்காக நடத்திய ஆய்வின் எதிர்மறை முடிவு, முனைவர் பட்டத்துக்கு முழுத் தகுதி உடையது.

கேள்வி: மூன்று ஆண்டுக்குள் ஒரு முழுச் சோதனை ஆய்வை முடிக்க முடியுமா? — ஆய்வு மாணவி, உசிலம்பட்டி

பெரும்பாலும் முடியாது, முயலவும் வேண்டாம். முறையை வகுத்து, முப்பது நாற்பது பேரிடம் அது நடைமுறைக்கு ஏற்றதா என்று பார்ப்பதே ஒரு முழுமையான ஆய்வேடு. இல்லையென்றால், ஏற்கெனவே நடக்கும் பெரிய ஆய்வில் சேர்ந்து அதன் ஒரு கேள்வியை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளலாம். கருவிழிப் புண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து உதவுமா என்று 500 நோயாளிகளிடம் பார்த்து 2012இல் வெளியான ஆய்வில் மிகப் பெரும்பாலோர் அரவிந்த் மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள். அப்படிப்பட்ட ஓர் ஆய்வுக்குள் சொட்டு மருந்தை நோயாளிகள் உண்மையில் எப்படிப் போட்டுக்கொள்கிறார்கள் என்று கேட்பவருக்கு இடம் உண்டு.

கேள்வி: என் மகள் செவிலியப் பட்டதாரி, ஆய்வுக்குப் போக விரும்புகிறாள். மருத்துவர் அல்லாதவர்கள் இத்தகைய ஆய்வுக்குத் தலைமை ஏற்க முடியுமா? — ஒரு தந்தை, வாடிப்பட்டி

நடத்தைப் பயிற்சி ஆய்வுகளுக்கு ஏற்கலாம். இரத்தப் பரிசோதனை, மருந்து மாற்றம் போன்றவை வரும் இடத்தில் மருத்துவர் ஒருவர் இணை ஆய்வாளராக இருந்தால் போதும். நோயாளியின் வீட்டு நிலைமை அறிந்த செவிலியருக்கு இந்தத் துறையில் இயல்பான முன்னிலை உண்டு. தேசியத் தகுதித் தேர்வில் (நெட்) இளநிலை ஆய்வு நிதி பெற்றால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்ற அளவில் இரண்டு ஆண்டும், பின்னர் 42,000 ரூபாயும் கிடைக்கும். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, சேரவிருக்கும் நெறியாளரின் பழைய மாணவர்கள் இருவரிடம் அவர் எவ்வளவு நேரம் தந்தார் என்று மகளைக் கேட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆறாம் மாத அளவீட்டுக்குப் போனால் மூன்றில் ஒரு பங்கினர் இல்லை. வந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடலாமா? — ஆய்வு மாணவர், அலங்காநல்லூர்

கூடாது. வராதவர்களில் பலர் பயிற்சி பலிக்காதவர்களாக இருக்கலாம். அவர்களை விட்டுவிட்டால் உங்கள் முறை இல்லாத பெருமையைப் பெற்றுவிடும். ஒதுக்கப்பட்ட அனைவரையும், ஓர் அமர்வுக்குக்கூட வராதவரையும் சேர்த்து, ஒதுக்கப்பட்ட குழுவிலேயே வைத்துக் கணக்கிடுவதுதான் முறை.

இதற்கு நமக்கு அருகிலேயே நல்ல முன்னோடி இருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டு குணமாக முடியுமா என்று 193 பேரிடம் சோதித்தது. மருந்து உண்மையில் விழுங்கப்பட்டதா என்பதை அறிய, சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். காசநோயாளிகளைத் தங்கவைக்கும் சானடோரியத்துக்குப் போகாமலே குணமாகலாம் என்ற அதன் 1959ஆம் ஆண்டு முடிவு உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. ஆட்களை விட்டுவிடாமல் தொடர்ந்த அந்த உழைப்பு இல்லாமல் அந்த முடிவுக்கு மதிப்பு இருந்திருக்காது.

உங்கள் அளவீடு ஜனவரி நடுவில் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜல்லிக்கட்டு வாரத்தில் உங்கள் ஊரில் யார் படிவம் நிரப்ப உட்காருவார்கள்? அளவீட்டு நாளுக்கு முன்னும் பின்னும் மூன்று வாரம் இடைவெளி அனுமதித்துத் திட்டத்தைத் திருத்தி, அந்தத் திருத்தத்துக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறுங்கள். சித்திரைத் திருவிழாவையும் நடவு, அறுவடை நாட்களையும் இப்போதே நாட்காட்டியில் குறியுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை வேலை முடிந்து திரும்பிய பிறகு மாலையில் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு தொலைபேசி எண்களும், பிழைப்புக்குத் திருப்பூருக்கோ கோவைக்கோ போனால் யாரைக் கேட்பது என்ற ஓர் உறவினர் பெயரும் ஒப்புதலோடு வாங்கி வையுங்கள். இப்போது காணாமல் போயிருக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கினரின் பட்டியலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வழிகாட்டியுடன் உட்காருங்கள். யார் ஊரை விட்டுப் போனார், யார் விருப்பமில்லாமல் நின்றார், யாரை நாம் தேடவே இல்லை என்று பெயர் பெயராகப் பிரியுங்கள். விருப்பமில்லை என்று சொன்னவர்களை மீண்டும் தொந்தரவு செய்ய வேண்டாம். மற்றவர்களைத் தேடிப் போக இன்னும் காலம் இருக்கிறது.